மண்வெட்டியும் சட்டமும்

தெப்ராவ் ஆற்றையும் ஸ்கூடாய் ஆற்றையும் பெருமழை ஓய்ந்த மறுநாள் பார்த்தவர்கள், அவை செம்மண் குழம்பாக ஓடுவதை அறிவர். புதுப்புனல் சிவந்து வருவதைப் பண்டைப் புலவர்கள் பாடியிருக்கிறார்களே என்று நாம் அதனை எண்ணி மகிழ்ந்துவிடலாகாது. அடர்ந்த காட்டிலிருந்து இறங்கும் ஓடை மழைநாளிலும் இவ்வளவு கலங்குவதில்லை. மேல்நிலத்தில் எவரோ மரத்தை நீக்கி மண்ணைத் திறந்துவிட்டார் என்பதற்கு இச்சிவப்பே சான்று. அவ்வாறு திறந்த மண்ணை எவர், எப்பொழுது காக்கவேண்டும் என்னும் கேள்விக்கு ஜொகூர் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. அதில் நம்மவரின் மண்வெட்டிக்கும் ஓர் இடம் உண்டு. ஆயின், எந்தச் சட்டநூலிலும் அது எழுதப்படவில்லை.

தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில், 1844இல், ஸ்கூடாய் ஆற்றுக்கு வழங்கப்பட்ட 'சூராட் சுங்கை' என்னும் ஆற்றுரிமைச் சீட்டிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்கலாம். இத்தகைய சீட்டைப் பெற்ற சீனத் தலைவர் 'காங்சூ' எனப்பட்டார். ஆற்றங்கரையில் அமைந்த அவரது குடியிருப்பு 'காங்கார்'. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் முதலிய ஊர்கள் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றன. அங்கே பயிரானவை கம்பீரும் மிளகும். கம்பீர் இலையைக் கொதிக்க வைத்துச் சாற்றை இறுக்கவேண்டும். அதற்கு விறகு வேண்டும். விறகுக்குச் சுற்றுக்காடு இரையாயிற்று. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். உழவர்கள் அடுத்த ஆற்றுக்குப் பெயர்ந்துவிடுவர். விட்டுச்சென்ற மேடுகளை லாலாங் புல் மூடும். நிலம் என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டிய தேவை ஆட்சியாளருக்கு எழவில்லை. அடுத்த ஆறுதான் இருந்ததே! 1917இல் காங்சூ உரிமைகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது, இரப்பர் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

1909இல் இருப்புப்பாதை ஜொகூர் மாநிலத்தை ஊடறுத்து முடிந்தபின் தோட்டங்கள் விரைந்து பெருகின. இரப்பர் மரத்தடியில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது அக்காலத் துரைமார்களின் உறுதியான கொள்கை. புல் மரத்தின் உணவைத் திருடிவிடும் என்று நம்பினர்; துப்புரவான தோட்டமே நிருவாகத் திறமைக்கு அடையாளம் என்றும் கருதினர். ஆகவே நம் பெண்கள் மாதந்தோறும் நிரை நிரையாகச் சென்று புல்லைச் சுரண்டி எடுத்தார்கள். துப்புரவாக்கப்பட்ட சரிவில் மழை நேராக வந்து மோதியது. மழைத்துளி விழும் வேகத்திலேயே மண்கட்டி உடைகிறது. உடைந்த துகளை ஓடும் நீர் ஏந்திச் செல்கிறது. காட்டு மண்ணின் மேற்பரப்பில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வளம் சில மழைக்காலங்களில் பள்ளத்திற்கு இறங்கிவிட்டது. சரிவு மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தபோதுதான், தாம் களையோடு மண்ணையும் அள்ளிக் கொடுத்துவிட்டதை உரியோர் உணர்ந்தனர்.

அதற்குக் கண்ட பரிகாரம் முழுவதும் உடலுழைப்பே. சரிவை ஒரே மட்டமாகச் சுற்றி வரும் படிவரிசைகள் வெட்டப்பட்டன. வரிசைகளுக்கிடையே குழிகள் தோண்டப்பட்டன. ஓடிவரும் மழைநீர் அவற்றில் விழுந்து, தான் கொணர்ந்த மண்ணை அங்கேயே விட்டுவிடும். குழி நிறைந்ததும் அம்மண்ணை வாரி மேட்டில் போடவேண்டும். கான்வெட்டும் குழிவெட்டும் ஆண்களின் வேலை. என் பாட்டனார் அவ்வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் ஒரு சரிவைப் பார்த்தமாத்திரத்தில் நீர் எவ்வழி இறங்கும் என்று கைகாட்டிச் சொல்லுவார். "மண்ணைப் பிடிக்க முடியாதுடா தம்பி, தண்ணியை நிக்க வை, மண்ணு தானா உக்காந்துக்கும்" என்பது அவர் எனக்குச் சொன்னது. பிற்காலத்தில் பொறியியலாளர் எழுதிய தடித்த வழிகாட்டி நூலில் நான் கண்ட அடிப்படையும் அதுவே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிறுதோட்டக்காரர்கள் மரங்களை நெருக்கி நட்டு, புல்லையும் புதரையும் அவ்வாறே விட்டுவைத்திருந்தனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று தோட்டத்துரைமார் எள்ளி நகையாடினர். 1930களின் பொருளாதார மந்தத்தில் களையெடுக்கப் பணமில்லாமல் போனபோது, பெருந்தோட்டங்களும் புதர்மண்டின, மரங்களோ வாடிவிடவில்லை. 1925இல் தோன்றிய இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்களும் இயற்கையான கீழ்ச்செடிகளின் பயனை எடுத்துரைத்தனர். பின்னர், நிலத்தைப் போர்வைபோல் மூடும் அவரையினக் கொடிகளைப் பரப்புவது வழக்கமாயிற்று. எள்ளப்பட்ட சிறுதோட்டக்காரரிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

தோட்டத்துள் மண்ணைக் காத்தது, தோட்டத்தின் இலாபத்தைக் காப்பதற்காகவே. எல்லைக்கு வெளியே சென்ற மண்ணைப் பற்றிக் கவலைப்பட வேறொருவர் வேண்டியிருந்தது. அவ்வாறு கவலைப்பட்டவர், அந்நீரைக் குடிப்பவரே. 1927இல் சிங்கப்பூர் நகராண்மைக்கும் ஜொகூர் சுல்தானுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கூனோங் பூலாய் மலைப்பகுதி சிங்கப்பூருக்கு நீர்தரும் நிலமாயிற்று. சுற்றிலும் தோட்டங்கள் பெருகிய காலத்திலும் அம்மலையின் காடு நின்றது. அழகுக்காக நின்ற காடன்று அது. கலங்காத நீரை எதிர்பார்த்து அக்கரையில் ஒரு நகரமே காத்திருந்தது.

நாடு விடுதலை பெற்றபின் வந்தது 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம். அரசமைப்பின்படி நிலம் மாநில அதிகாரத்தைச் சேர்ந்தது. ஆதலால், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மாநிலங்களின் கைகளே செயற்படுத்தவேண்டும். மலைநிலம் என்று மாநில அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றிக் காட்டை அழித்தலோ பயிரிடலோ கூடாது. ஒருவர் நிலத்து மண் பிறர் நிலத்திலோ நீரோட்டத்திலோ சென்று தீங்கிழைத்தால், நில அதிகாரி அவரை அழைத்துக் காரணம் கேட்கலாம். தடுப்புச் சுவர் கட்டவும் வடிகால் அமைக்கவும் ஆணையிடலாம். நல்ல சட்டந்தான். ஆனால் அதன் இரு கால்களிலும் குறையுண்டு. அறிவிக்கப்படாத குன்று சட்டத்தின் கண்ணுக்குக் குன்றன்று. வண்டல் பற்றிய பகுதியோ பெரிதும் தீங்கு நேர்ந்தபின்னரே பேசத் தொடங்குகிறது. ஆற்றில் இறங்கிய மண்ணை எந்த ஆணையாலும் மேட்டுக்கு அழைத்துவர இயலாது.

1970களில் நிலைமை மாறிற்று. தென்கிழக்கு ஜொகூரில் பல்லாயிரம் ஏக்கர் காடு செம்பனைக்காகத் திருத்தப்பட்டது. 1972இல் அதற்கென கெஜோரா என்னும் வட்டார மேம்பாட்டு நிறுவனமும் அமைந்தது. நகரப்புறத்திலோ, இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. மண்வெட்டி சென்று மண்வாரி இயந்திரம் வந்தது. நூறு பேர் ஒரு மாதத்தில் திறக்கும் நிலத்தை அது சில நாளில் திறந்துவிடும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 1978இல் சேர்க்கப்பட்ட 70ஏ என்னும் பிரிவு இதற்கு விடையாக வந்தது. வரைபடங்களை ஊராட்சிக்குச் சமர்ப்பித்து ஒப்புதல் பெறாமல் மண்வேலையைத் தொடங்கலாகாது என்கிறது அது. மண்வேலை என்பதற்கு அது தரும் பொருள் கவனிக்கத்தக்கது: தோண்டுதல், மட்டமாக்குதல், நிரப்புதல் மட்டுமன்று, மரம் வெட்டுதலும் அதில் அடங்கும். சட்டம் முதன்முறையாக 'பின்' என்னும் சொல்லை விட்டு 'முன்' என்னும் சொல்லுக்கு வந்தது. அதிகாரமும் நகராண்மைக் கழகத்தின் மேசைக்கு இறங்கி வந்தது.

வடிகால் நீர்ப்பாசன இலாகா 2010இல் மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுக்கெனத் தனி வழிகாட்டியே வெளியிட்டது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மூடியிருக்கும் பசுமை, கையாளும் பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் பெருக்கினால் எவ்வளவு மண் இழப்பாகும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். மழையை நம்மால் மாற்ற இயலாது. பசுமையை எவ்வளவு நாள் நீக்கி வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. எனவேதான், நிலத்தைப் பகுதி பகுதியாகத் திறக்கவேண்டும், வண்டல் குளத்தை முதலில் வெட்டவேண்டும், லாரிச் சக்கரங்களைக் கழுவி வெளியே விடவேண்டும் என்கின்றனர். வண்டல் குளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மணல் விரைவில் அடியில் படிந்துவிடும்; நுண்ணிய களிமண்ணோ நாட்கணக்கில் மிதக்கும். அதனால், சிறு குளம் மணலைப் பிடித்துக் கொண்டு, ஆற்றைச் சிவக்கச்செய்யும் களியை வெளியே அனுப்பிவிடுகிறது.

2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி நகரம் இருமுறை மூழ்கியது. பழியை மேம்பாட்டாளர் மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று, அம்மழை அசாதாரணமானது. ஆயினும் அடி உயர்ந்த ஆறு குறைந்த நீரையே கொள்ளும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. 2014இல் ஃபாரஸ்ட் சிட்டிக்காகத் தென்மேற்குக் கடற்கரையில் மணல் கொட்டியபோதும் 'முன்'னும் 'பின்'னும் இடம் மாறின. விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒப்புதல் வருமுன்னரே மணல் விழுந்தது. அருகில் மெராம்போங் கடற்புல் வெளி இருந்தது. சிங்கப்பூர் கவலை தெரிவித்தது. சூன் மாதம் வேலை நிறுத்தப்பட்டது. 2015 சனவரியில்தான் ஒப்புதல் கிடைத்தது.

என் பாட்டனார் குழி வெட்டிய சரிவைச் சில ஆண்டுகளுக்கு முன் சென்று கண்டேன். வீடமைப்புக்காக நிலம் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பால்மரங்கள் முன்பே போய்விட்டன. செம்பனையும் அன்றுதான் சாய்ந்துகொண்டிருந்தது. இலைச்சருகு மூடிய பழங்குழிகள் சில எஞ்சியிருந்தன. இயந்திரம் அவற்றை இரண்டே நாளில் மூடி மட்டமாக்கிற்று. தாழ்ந்த மூலையில் வெட்டவேண்டிய வண்டல் குளத்தை மூன்றாம் வாரத்தில் வெட்டத் தொடங்கினார்கள். இடையில் நான்கு மழை பெய்தது.