சிறைவாசிகளின் பாடகர்: ஜானி கேஷ் வரலாறு நமக்கு உணர்த்துவது

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க இசை வரலாற்றில் ஜானி கேஷ் என்னும் பாடகருக்குத் தனியிடம் உண்டு. அந்நாட்டுத் தென்மாநிலச் சிற்றூர்களில் வளர்ந்த 'கன்ட்ரி' இசையே அவரது துறை. அவர் புகழைப் பாராட்டுவது நம் நோக்கமன்று. சிறைவாசிகளோடு அவர் கொண்ட உறவும் அவ்வுறவு கண்ட எல்லையும் ஆயர் பணிக்கு அளிக்கும் பாடத்தையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

இளமையும் இசையும்

கேஷ் 1932ஆம் ஆண்டு அர்க்கன்சா மாநிலத்தின் கிங்ஸ்லாந்து என்னும் ஊரில் பிறந்தார். பொருளாதார வீழ்ச்சியால் நலிந்த உழவர்களுக்கென அரசு அமைத்த டையஸ் குடியேற்றத்திற்கு 1935இல் அவர் குடும்பம் சென்றது. அங்குப் பருத்தி வயலில் உழைத்தவாறே ஞானப்பாடல்களைக் கற்றார். போதகராக விரும்பிய தமையன் ஜாக், 1944இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி மாண்டார். பன்னிரண்டு வயதில் நேர்ந்த இவ்விழப்பு கேஷின் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை.

1950 முதல் 1954 வரை விமானப்படையில் பணியாற்றினார். ஜெர்மனியில் இருந்தபோது, கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறையைப் பற்றிய திரைப்படம் கண்டு, அச்சிறையைக் குறித்து ஒரு பாடல் அமைத்தார். பின்னர் மெம்பிஸ் நகரில் சன் இசைத்தட்டு நிறுவனத்தை அணுகிப் பக்திப் பாடல்கள் பாட விழைந்தார். அவை விலைபோகா என்று அதன் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் மறுத்தார். ஆகவே 1955 முதல் உலகியல் பாடல்களாலேயே அவர் பெயர் பெற்றார். கொலம்பியா நிறுவனத்திற்கு மாறிய பின்னரே, 1959இல், ஞானப்பாடல் தொகுப்பொன்றை அவரால் வெளியிட முடிந்தது.

புகழோடு போதை மாத்திரைப் பழக்கமும் வளர்ந்தது. 1965இல் எல் பாசோவில் அதன் பொருட்டுக் கைது செய்யப்பட்டார். தண்டனைக் கைதியாக அவர் ஒருபோதும் சிறையில் இருந்ததில்லை. எனினும் அடிமைத்தளை இன்னதென்பதை அறிந்திருந்தார்.

ஃபால்சம் நிகழ்ச்சி

1968 ஜனவரி 13இல் ஃபால்சம் சிறையின் உணவுக்கூடத்தில் கேஷ் பாடினார். அதற்கு முந்தைய நாள், அச்சிறைவாசிகளிடையே ஊழியம் செய்துவந்த போதகர் ஃபிளாய்டு கிரெசெட் ஓர் ஒலிநாடாவை அவரிடம் அளித்தார். கொள்ளைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றிருந்த கிளென் ஷெர்லி என்பவர், சிறைக்குள் இருந்த சிற்றாலயத்தைக் குறித்து இயற்றிய பாடல் அதில் இருந்தது. கேஷ் அதனை ஓர் இரவில் கற்று, மறுநாள் இயற்றியவர் முன்னிலையிலேயே பாடினார். அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு அவ்வாண்டே வெளியாகிப் பெரும் வரவேற்புப் பெற்றது.

ஷெர்லியின் விடுதலைக்காகவும் கேஷ் முயன்றார். 1971இல் விடுதலையான ஷெர்லிக்குத் தம் இசைக்குழுவிலேயே இடமளித்தார். 1972இல் இருவரும் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் சிறைச் சீர்திருத்தம் வேண்டிச் சாட்சி கூறினர். கேட்போர் உள்ளம் உருகும் நிறைவு இது. ஆனால் வரலாறு இங்கு முடியவில்லை. நெடுங்காலம் சிறையில் கழித்த ஷெர்லியால் வெளியுலக வாழ்வில் நிலைகொள்ள இயலவில்லை. அவரது வன்முறைப் பேச்சு உடனிருந்தோரை அச்சுறுத்தவே, கேஷ் அவரைக் குழுவிலிருந்து விலக்கினார். 1978இல் ஷெர்லி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நாம் கற்பது யாது?

கேஷின் அன்பு பொய்யானது என்று நாம் கூறத் துணியோம். மேடையும் கைதட்டலும் ஒரு மனிதனைச் சிறைவாயிலுக்கு வெளியே கொண்டுவரக்கூடும். அதன் பின்னர் வரும் நீண்ட நாள்களில் அவனைத் தாங்க ஒரு சமூகம் வேண்டும். தனியொருவரின் இரக்கம் சுமக்கத்தக்க பாரம் அதுவன்று. கேஷுமே மனந்திரும்புதலுக்குப் பின் மீண்டும் போதைக்கு உட்பட்டு, 1983இல் மருத்துவமனையை நாடினார். 2003இல் மறையும் வரை அவர் விசுவாசம் போராட்டமாகவே இருந்தது. அவரைத் தாங்கக் குடும்பமும் நண்பரும் இருந்தனர்.

மத்தேயு 25ஆம் அதிகாரம் சிறையிலிருப்போரைக் காணச் செல்லுமாறு நம்மைப் பணிக்கிறது. பாடகரை உலகம் அறியும். ஒலிநாடாவைக் கொணர்ந்த போதகரை அறிந்தோர் சிலரே. எனினும் அவர் ஓசையின்றிச் சிறைக்குச் சென்றுவந்த ஊழியமின்றேல் அப்பாடல் சுவரைத் தாண்டியிராது. பண்டிகைக் காலத்தில் சிறைக்குச் சென்று பாடித் திரும்புவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? விடுதலையாகி வருபவன் ஞாயிறன்று ஆலயத்தில் யாரருகே அமர்வான், திங்களன்று யாரிடம் வேலை கேட்பான் என்பதையும் நம் சபைகள் சிந்தித்தாக வேண்டும்.