அரங்கத்துக்குள் அரோரா: மே மாத லீவில் ஐஸ்லாந்து போனால் எதைப் பார்க்கலாம்?

கூரையை அண்ணாந்து பார்க்க வரிசையில் நிற்பது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற யாரும் மேலே இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் திரும்ப மாட்டார்கள். அதே ஊர்தான் என் பெரியப்பாவுக்கும். பட்டுச் சேலை வியாபாரம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் இந்த மே மாதம் எல்லோரையும் ஐஸ்லாந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்ல, போன வாரம் அவரிடமிருந்து எனக்கு ஒரு போன்.

"ஏம்மா, நீ நியூஸ்ல தானே இருக்க? ஓட்டல் பக்கத்துலயே ஒரு கட்டடமாம். உள்ள போனா அந்த பச்சை வெளிச்சம் உறுதியா தெரியும்னு போட்டிருக்கான். நிஜமா, ஏமாத்தா?"

ரெண்டும் இல்லை என்பதுதான் பதில். ஆனால் லட்சக்கணக்கில் செலவு செய்து போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்னாடியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அந்தக் கட்டடம் எது?

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில், ஒஸ்க்யுக்லித் என்ற குன்றின் மேல் இருக்கிறது பெர்லான். ஊருக்கு வெந்நீர் சேமித்து வைக்கக் கட்டிய பிரம்மாண்டமான தொட்டிகள், அவற்றின் மேல் ஒரு கண்ணாடிக் குவிமாடம். 1991-ல் திறந்தார்கள். இப்போது அது ஒரு இயற்கை அருங்காட்சியகம். உள்ளேயே 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு செயற்கைப் பனிக்குகை இருக்கிறது. (நம்ம ஈசிஆர் ரோட்டில் விஜிபி ஸ்நோ கிங்டத்தில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நடுங்கியவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.) அதோடு ஒரு கோளரங்கம். அங்கேதான் 'அவ்ரோரா' என்ற துருவ ஒளிக் காட்சியைத் திரையிடுகிறார்கள். தலைக்கு மேலே வளைந்த திரை முழுக்க பச்சையும் ஊதாவும் அலையலையாக ஓடும்.

குன்றின் அடிவாரத்திலேயே ரெய்க்யாவிக் நாட்டுரா என்ற ஓட்டல் இருக்கிறது. அங்கே தங்கினால் மரங்களுக்கு நடுவே நடந்தே மேலே போய்விடலாம். பெரியப்பா சொன்ன 'ஓட்டல் பக்கத்துலயே' இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, பழைய துறைமுகத்தை ஒட்டிய கிராண்டி பகுதியில் 2013-ல் தொடங்கிய 'அரோரா ரெய்க்யாவிக்' மையம். இது முழுக்க முழுக்க துருவ ஒளிக்காகவே. படம் ஓடும், விளக்கப் பலகைகள் இருக்கும். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு: இருட்டான இடத்தில் துருவ ஒளி மாதிரியே ஒரு வெளிச்சத்தைக் காட்டி, உங்கள் கேமராவை எப்படி செட் பண்ணணும்னு பழக விடுகிறார்கள். ராத்திரி கொட்டும் குளிரில், கையுறையோடு நின்று செட்டிங்கைத் தேடுகிற அவஸ்தை மிச்சம்.

அப்போ அது நிஜ ஒளி இல்லையா?

இல்லை. நிஜ வானத்தில் எடுத்த படம். ஆக, 'உறுதியாகத் தெரியும்' என்று அவர்கள் சொல்வது பொய் கிடையாது; சினிமா தியேட்டரில் படம் உறுதியாகத் தெரியும் என்பது போலத்தான்.

விளம்பரத்தில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 'துருவ ஒளி அனுபவம்', 'துருவ ஒளிக் காட்சி' என்றிருந்தால் பெரும்பாலும் அரங்கத்துக்குள். 'துருவ ஒளி வேட்டை', 'துருவ ஒளிச் சுற்றுலா' என்றால் பஸ்ஸிலோ ஜீப்பிலோ ஊருக்கு வெளியே இருட்டான இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். பேக்கேஜில் ரெண்டும் கலந்திருந்தால் எது எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.

பின்லாந்து பக்கம் ரீல்ஸில் வருகிற கண்ணாடிக் கூரை இக்லூ அறைகள் இதில் சேராது. அங்கே நீங்கள் படுத்திருப்பது உள்ளே, பார்ப்பது நிஜ வானம். மேகம் மூடினால் கண்ணாடி வழியாக மேகம்தான் தெரியும். வாடகை திரும்ப வராது.

மே மாதம் ஏன் கூடாது?

இதுதான் முக்கியமான விஷயம். நம்ம ஊரில் குடும்பத்தோடு வெளிநாடு என்றாலே ஏப்ரல், மே. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்த லீவு. துருவ ஒளிக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஒளி இல்லாமல் போவதில்லை. இருட்டு இல்லை, அவ்வளவுதான். ரெய்க்யாவிக் 64 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் பாதியைத் தாண்டினாலே அங்கே ராத்திரி வெளிச்சமாகிவிடும். ஜூனில் நள்ளிரவு வாக்கில்தான் சூரியன் இறங்கும், மூணு மணிக்கு மறுபடி வந்துவிடும். நார்வேயின் டிரோம்சோ நகரத்தில் மே 20 வாக்கில் இருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுகிற கதைதான்.

அதனால் மே மாதம் போகிறவர்களுக்கு அரங்கத்துக்குள் இருப்பது மட்டும்தான் அரோரா. அதைத் தெரிந்துகொண்டு, அருவி, எரிமலை, பனிப்பாறை எல்லாம் பார்க்கப் போகிறோம், இது கூடுதலாக ஒன்று என்று போனால் வருத்தம் இல்லை. பச்சை வானத்தை எதிர்பார்த்துப் போய், கடைசியில் ஒரு படம் பார்த்துவிட்டு வருவதுதான் வயிற்றெரிச்சல்.

சீசன் என்பது செப்டம்பர் தொடக்கத்தில் இருந்து ஏப்ரல் பாதி வரை. நம்ம நாட்காட்டியில் அதற்குப் பொருந்துகிற ரெண்டு இடைவெளி காலாண்டு லீவும் அரையாண்டு லீவும். அரையாண்டில் இருட்டு நிறைய, குளிரும் மேகமும் அதைவிட நிறைய. என் ஓட்டு காலாண்டு லீவுக்கு. செப்டம்பர் கடைசியில் இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி, சூரியக் காற்றின் காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலமும் சுலபமாக இணைகிற கோணத்தில் அமைகின்றன. அதனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் காந்தப் புயல்கள் அதிகம். குளிரும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

பட்டு வியாபாரிக்கு இதில் இன்னொரு வசதி. மே என்பது சித்திரை, வைகாசி, கல்யாண சீசன்; கடையை விட்டு நகரவே முடியாது. செப்டம்பர் கடைசி புரட்டாசி. முகூர்த்தம் இல்லை.

வெளிச்சம் எப்படி வருகிறது?

சூரியனிடமிருந்து எந்நேரமும் மின்னூட்டத் துகள்கள் வெளியே வீசிக்கொண்டிருக்கின்றன. இதுதான் சூரியக் காற்று. பூமியின் காந்தப்புலம் அதைத் தடுக்கிறது. தடுக்கும்போது ராத்திரிப் பக்கம் வால் மாதிரி நீண்டு, இழுத்த ரப்பர் போல விறைக்கிறது. ஒரு கட்டத்தில் அது விடுபடும்போது எலெக்ட்ரான்கள் துருவப் பகுதிகளை நோக்கிப் பாய்ந்து, காற்றில் இருக்கும் வாயுக்கள் மேல் மோதுகின்றன. மோதல் வாங்கிய வாயு ஒளிர்கிறது. பழைய கடைகளின் நியான் போர்டு எரிவதும் இப்படித்தான்.

நிறத்தைத் தீர்மானிப்பது வாயுவும் உயரமும். சுமார் 100 முதல் 240 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும். அதற்கும் மேலே அதே ஆக்சிஜன் சிவப்பு. அடி விளிம்பில் நைட்ரஜன் இருப்பதால் சில சமயம் ரோஸ் நிறத்தில் ஒரு ஓரம் தெரியும். உடல் பச்சை, கரை ரோஸ் என்று கோர்வை போட்ட சேலையை வானத்தில் பிரித்துப் பிடித்தது போல இருக்கும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

நேரில் பார்க்கிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மங்கலான அரோரா வெறும் கண்ணுக்கு வெளிறிய சாம்பல் மேகம் மாதிரிதான் தெரியும். இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் சக்தி குறைவு. கேமரா சில விநாடிகள் ஒளியைச் சேர்த்து வாங்குவதால் படத்தில் பச்சை கொட்டுகிறது. அரங்கத்தில் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ராத்திரியே வெளியே போய் நின்றால் 'இவ்வளவுதானா' என்று தோன்றுவதற்கு வாய்ப்பு அதிகம். வலுவான நாளில் மட்டும் கண்ணுக்கே பச்சை தெரியும், அசைவதும் தெரியும். அந்த அசைவை எந்தத் திரையும் முழுசாகக் கொடுக்காது என்கிறார்கள் பார்த்தவர்கள்.

நிஜமாகவே அறைக்குள் உருவாக்கியவர்

படம் இல்லாமல், நிஜமான அரோராவையே அறைக்குள் கொண்டுவர முடியுமா? முடியும். நூறு வருஷத்துக்கு முன்னாடியே செய்துவிட்டார்கள்.

நார்வே விஞ்ஞானி கிறிஸ்தியான் பிர்கேலாண்ட் (1867–1917), காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு உலோக உருண்டையைத் தொங்கவிட்டார். உருண்டைக்குள் மின்காந்தம், அது குட்டி பூமி. அதை நோக்கி எலெக்ட்ரான்களைப் பாய்ச்சியபோது, உருண்டையின் ரெண்டு துருவங்களைச் சுற்றியும் ஒளி வளையம் தோன்றியது. அந்தக் கருவிக்கு 'டெரெல்லா', அதாவது சின்ன பூமி என்று பெயர். சூரியனிலிருந்து வரும் துகள்கள்தான் இதற்குக் காரணம் என்று அவர் சொன்னதைப் பலர் அப்போது ஏற்கவில்லை. விண்கலங்கள் மேலே போய் அளந்த பிறகுதான் அவர் சொன்ன மின்னோட்டங்கள் நிஜமாகவே அங்கே ஓடுவது உறுதியானது. அதற்குள் அவர் இறந்து பல பத்தாண்டுகள். நார்வேயின் பழைய 200 குரோனர் நோட்டில் இருந்த முகம் அவருடையது.

டிரோம்சோவில் உள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இதே தத்துவத்தில் இயங்கும் டெரெல்லா உண்டு. பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த ஜான் லிலன்ஸ்டன் என்ற விஞ்ஞானி இதையே 'பிளானட்டெரெல்லா' என்று புதுப்பித்து, அதன் நகல்கள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. பெரிய திரையின் பிரம்மாண்டம் இதில் கிடையாது. ஊதா நிறத்தில் ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான். ஆனால் அது படம் இல்லை. என்னைக் கேட்டால் கூரைக்குள் பார்க்க வேண்டிய அரோரா அதுதான். டிரோம்சோ போகிறவர்கள் அங்கேயே வட நார்வே அறிவியல் மையத்தின் கோளரங்கத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் ஏன் தெரியாது?

துருவ ஒளி பூமியின் காந்தத் துருவங்களைச் சுற்றி வருவது. நாமோ அதற்கு நேர் எதிர். காந்த நடுக்கோடு நம்ம தென் மாவட்டங்களை ஒட்டித்தான் போகிறது. அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி பக்கத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது.

இந்தியாவில் தெரிந்ததே இல்லையா என்றால், தெரிந்திருக்கிறது. 1872 பிப்ரவரி 4-ல் வந்த புயலின்போது பம்பாயிலேயே பார்த்ததாகப் பதிவு உண்டு. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் 2003-க்குப் பிறகு மிக வலுவானது; அப்போது லடாக்கின் ஹான்லேயில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமராக்களில் வானம் சிவந்து பதிவானது. ஏன் சிவப்பு மட்டும்? தூரத்தில் இருந்து பஸ்ஸில் வரும்போது ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உச்சி மட்டும் முதலில் தெரியும், வாசல் தெரியாது இல்லையா, அது மாதிரி. அரோராவின் உச்சிப் பகுதிதான் சிவப்பு. பச்சைப் பகுதி அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும்.

தங்கும் ஓட்டலில் என்ன கேட்கணும்?

வடக்கு நாடுகளில் பல ஓட்டல்களில் ஒரு வசதி உண்டு: வானத்தில் ஒளி தெரிந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் ரிசப்ஷனில் இருந்து போன் செய்து எழுப்புவார்கள். அறை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ரெய்க்யாவிக்கில் பல சுற்றுலா நிறுவனங்கள், முதல் நாள் ஒளி தெரியாவிட்டால் இன்னொரு நாள் காசு வாங்காமல் கூட்டிப் போகும். அதனால் ஒளி வேட்டையை வந்து இறங்கிய முதல் ராத்திரியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால் மறுபடி போக நாள் இருக்காது. அரங்கக் காட்சியை மேகமூட்டமான நாளுக்கு விட்டுவைக்கலாம். ஐஸ்லாந்து வானிலை மையத்தின் இணையதளத்தில் மேகம், ஒளியின் வலிமை ரெண்டுக்கும் அன்றாட முன்கணிப்பு வருகிறது.

ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். சென்னையில் இருந்து நேரடி விமானம் இல்லை, ஐரோப்பாவில் எங்கேயாவது மாற வேண்டும்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, குவிமாடத்தில் வானம் பார்க்கிற அனுபவம் கோட்டூர்புரத்திலேயே இருக்கிறது. 1988-ல் தொடங்கிய பிர்லா கோளரங்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்சிகள். காஞ்சிபுரத்தில் இருந்து ரயிலில் வந்து கிண்டியில் இறங்கினால் பக்கம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பெரியப்பா டிக்கெட்டைப் புரட்டாசிக்கு மாற்றச் சொல்லிவிட்டார். உடனே அடுத்த கேள்வி: "புரட்டாசில கவுச்சி கிடையாதே, அங்க என்னம்மா சாப்பிடுறது?" இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். நெய் பாட்டில் மட்டும் வேண்டாம். வெளியில் இருந்து பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுவர அங்கே தடை. ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.