துறவியின் ஹாஸ்யம்

பட்டுத் தறிகளுக்கும் கோயில் கோபுரங்களுக்கும் பேர்போன காஞ்சி மாநகருக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரஹசனங்களுள் ஒன்று அந்நகரத்துத் தெருக்களிலேயே நிகழ்வதாக இயற்றப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கிருந்து அரசாண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசத்தில், தன் கபால பாத்திரத்தைத் தொலைத்துவிட்ட காபாலிகன் ஒருவன், மது மயக்கத்தில், வழியே வந்த பௌத்த பிக்ஷுவைத் திருடனென்று பிடித்துக்கொள்ள, மத்தியஸ்தம் செய்ய வந்த பாசுபதனாலும் வழக்குத் தீராதிருக்க, கடைசியில் நாயின் வாயிலிருந்து அதைப் பறித்த பித்தனிடம் கபாலம் அகப்படுகிறது. சைவனாகிய அரசன் சைவ வேடதாரிகளையும் விட்டுவைக்கவில்லை. மெய்யான பக்திக்குச் சிரிப்பினால் பங்கம் வராது என்ற திடம் இருந்தாலன்றி இவ்வாறு எழுத இயலாது.

கிறிஸ்தவ வாழ்விலும் அத்திடம் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டுச் சாட்சி வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியாரான இவர் மத்தவிலாசத்தை அறிந்திருந்தார் என்று சொல்வதற்கில்லை. அந்நாடகம் 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அச்சேற்றிய பின்னரே உலகறிய வந்தது. ஆயினும், சூசையப்பரின் சரிதையைத் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமாகப் பாடிய அதே கை, பரமார்த்த குருவையும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களையும் படைத்தது.

ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்க்கிறான் ஒரு சீடன். அது சுரீரென்று சீறிப் புகைய, ஆறு விழித்திருக்கிறதென்று அலறி ஓடுகிறான். பிறகு அணைந்துபோன அதே கட்டையை நனைத்துப் பார்த்து, ஆறு உறங்கிவிட்டதென்று துணிந்து, அரவமில்லாமல் கடந்து கரையேறி எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைகிறார். ஏனெனில் எண்ணுகிறவன் தன்னை எண்ணுவதில்லை. ஊரார் குற்றத்தையெல்லாம் கணக்கிட்டுத் தன்னை மட்டும் விட்டுவிடுகிற மனிதனுக்கு இதைக்காட்டிலும் நல்ல பிரசங்கம் எந்தப் பீடத்திலிருந்து கிடைக்கும்?

இக்கதை இந்நாட்டுக் குருமாரைப் பழிக்க எழுந்தது என்பாருமுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ராபர்ட் தெ நொபிலி வகுத்த வழியில் தமிழ்த் துறவிக் கோலம் பூண்டு, சீடர் சூழ வாழ்ந்த மதுரை மிஷன் குருமாருள் ஒருவரல்லவா இதை எழுதியவர்? குருபீடத்தில் இருந்துகொண்டே குருவின் மௌட்டியத்தைப் பாடுவதற்குப் பணிவு வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ரோமாபுரியில், தம்மை மகானென்று ஜனங்கள் கொண்டாடிவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்த அர்ச். பிலிப்பு நேரியாரும் அந்தப் பணிவையே சிரிப்பினால் காத்துக்கொண்டார். பரமார்த்த குருவின் கதையோ 1822-இல் பாபிங்டன் துரையின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டன் வரை சென்றது.

அந்தச் சிரிப்பைப் பின்னாளில் சுவீகரித்தவர் கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879-இல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஹாஸ்யம் இல்லாத அத்தியாயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்த அதே மனிதர், தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளையெல்லாம் பசித்தவர்க்கு வாரி வழங்கினார். அதைக் கண்டு உருகி, நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கிறிஸ்தவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார்.