ஏட்டின் கொளுவும் ஒலிக்கோப்பின் முப்பது பைட்டும்

பரிபாடலைப் பாடம் சொல்லும்போது பாட்டினும் அதன் கீழுள்ள குறிப்பில் நாம் சற்றுக் கூடுதலாக நிற்பதுண்டு. இரண்டாம் பாடலுக்குப் பாடியவர் கீரந்தையார், இசை வகுத்தவர் நன்னாகனார், பண் பாலையாழ். இசை முற்றாக மறைந்த பின்னும் இசையமைத்தவர் பெயர் எஞ்சியிருக்கிறது! முதற் பாடலுக்கோ இவ்விவரம் இல்லை. குறுந்தொகையில் பெயர் தொலைந்த புலவரைப் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயல்நீரார் என்றழைத்தனர். கணினித்துறையார் இன்று மீத்தரவு என்பது இத்தகைய குறிப்புகளைத்தான்.

ஒலிப்பதிவு வந்தபோது இச்சிக்கல் புதிய உருக்கொண்டது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் முன் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். இதைச் செருக்கென்று கொள்ளலாகாது. மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அச்சாக வேண்டும். அங்குள்ளோர் முகப்புச் சீட்டில் யார் பெயரைப் பொறிப்பர்? பெயர் ஒலிக்குள்ளேயே பதிந்திருந்ததால் எவராலும் அதை உரித்தெடுக்க இயலவில்லை. சீட்டை மட்டும் நம்பினால் நேர்வது வேறு. 1949இல் வந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயர் இல்லை. கதாபாத்திரமான காமினியின் பெயரே இருந்தது.

1996இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 கோப்பின் வாலில் 128 பைட் கொண்ட ஐடி3 சீட்டை ஒட்டினார். தலைப்பு, கலைஞர், தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் 30 பைட். இராகத்துக்கும் தாளத்துக்கும் இடமில்லை. ‘கலைஞர்’ என்பவர் பாடகரா, சாகித்திய கர்த்தாவா என்ற தெளிவும் இல்லை. தமிழ் எழுதவோ அது வகுக்கப்படவே இல்லை. யுடிஎஃப்-8 முறையில் ‘கேளம்பாக்கம்’ என்னும் ஒரு சொல்லே 36 பைட் கேட்கும், ஊர்ப்பெயரே அடங்காது! பின்வந்த ஐடி3 பதிப்புகள் யூனிகோடை ஏற்று இக்குறையை நீக்கின.

ஒலிபரப்பாளர்க்கென ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வேவ் கோப்பினுள் விவரப் பகுதியொன்றை வகுத்தது. அடோபி 2001இல் எக்ஸ்எம்பி முறையைக் கொணர்ந்தது. ஆயினும் ஒலியை ஒரு மென்பொருளில் வெட்டி, படத்தோடு இன்னொன்றில் சேர்த்து, மூன்றாவதில் சுருக்கி வெளியேற்றும்போது, ஒன்று எழுதியதை மற்றொன்று படிப்பதில்லை. பல வேளைகளில் சொல்லாமலே கைவிட்டு விடுகிறது. ஏடு பெயர்த்தெழுதியோர் கொளுவை விட்டுவிட்டது போலத்தான். அவர்களுக்காவது கரையானைக் காரணம் காட்டலாம்.

இது நமக்கு ஏட்டளவான கவலையன்று. கேளம்பாக்கத்து உப்பளங்களில் உழைத்த முதியோரின் பேச்சையும் பாட்டையும் இன்று கைபேசியில் எவரும் பதியலாம். கோப்பின் பெயரில் தேதியும் எண்ணும் இருக்கும். பாடிய பாட்டியின் பெயர் இராது. ஒருமுறை வாட்ஸப்பில் கடந்தால் அத்தேதிக்கும் உறுதியில்லை. மாணவர்க்கு நாம் சொல்வது இரண்டு. கோப்போடு ஒரு தனி உரைக்கோப்பில் பாடியவர், ஊர், நாள், பதிந்தவர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். பாட்டு தொடங்குமுன் அவற்றையே பாட்டியின் வாயாலும் சொல்லச் செய்து பதிய வேண்டும். கத்தரிக்கும்போது அம்முதல் பத்து விநாடியை மட்டும் தொடலாகாது.