உயிருள்ள பொட்டலம்

திருச்செங்கோட்டு மலைமேல் பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால், அடிவாரத்துக் காடுகளில் களையெடுப்பும் விதைப்பும் அறுப்புமாகப் பெண்ணின் பங்கு பாதிக்கும் மேல். பட்டாவில்தான் அதைக் காண முடியாது.

எங்கள் அம்மாயி பெயரும் எந்தப் பட்டாவிலும் இருந்ததில்லை. 1990களின் தொடக்கம் அது; நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாகும்வரை நாங்கள் சேலம் மாவட்டம். கிணறு வற்றியதால் போர் போட்டார்கள். உப்புத் தண்ணீர்தான் வந்தது. அதைப் பாய்ச்சப் பாய்ச்ச மண்மேல் வெள்ளை பூத்தது. தட்டைப்பயறு மஞ்சளாக நின்றது. ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த அப்புச்சி, ரைசோபியம் என்று அச்சிட்ட 200 கிராம் பொட்டலத்தை அம்மாயியிடம் கொடுத்து, கஞ்சியில் கலந்து விதைக்கச் சொன்னார். அம்மாயி அப்போதுதான் வடித்த கஞ்சியில் அதைக் கலந்து, விதையைப் பிசறி, வழக்கம்போல வாசல் வெயிலில் காயப்போட்டார். அந்தப் பட்டமும் பயறு தேறவில்லை.

"பொம்பளைங்ககிட்டக் குடுத்தா இப்படித்தான்" என்றார் அப்புச்சி.

கஞ்சி ஆறியிருக்க வேண்டும், விதையை நிழலில் உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் பொட்டலத்தின் பின்பக்கம் இருந்தது. அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான்தான் பிறகு படித்துக் காட்டினேன். அம்மாயி கேட்டார்: "அதுக்கு உசுரு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வெயில்ல போட்டிருப்பனா கண்ணு?"

அந்த உயிரின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தேன். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயறுகள் பெறுவது வேர்முடிச்சுகள் வழியாகத்தான் என்று 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினார்கள். முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவை 1888இல் பெய்ஜெரிங்க் பிரித்தெடுத்தார். நான் முதலில் படித்த பாடங்கள் இந்த ஆண்களோடு முடிந்துவிட்டன. ஆனால் வேர்முடிச்சு பாக்டீரியாக்கள் பற்றி 1932இல் வெளிவந்த பெருநூலை எழுதிய மூவரில் ஒருவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் மெக்காய். நம் ஊர் உரக்கடைவரை வந்துவிட்ட அசோஸ்பைரில்லம் என்ற பெயரை 1978இல் வைத்தவர்களில் ஒருவர் யோஹன்னா டோபரைனர். 1924இல் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து, போருக்குப் பின் பிரேசிலில் குடியேறியவர். அந்நாட்டுச் சோயா, தழைச்சத்து உரத்தைவிட பாக்டீரியாவை நம்பி விளைவதில் அவருடைய பங்கு பெரிது.

உப்பு மண்ணில் இந்த உறவு எங்கே முறிகிறது? பயறின் வேர் சில பொருள்களைக் கசியவிட்டு பாக்டீரியாவை அழைக்கிறது. அது மறுமொழி தந்தால், வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. உப்பு மிகுந்தால் தூவிகளும் முடிச்சுகளும் குறைகின்றன. பல நேரங்களில் பாக்டீரியா தாங்கும் உப்பைச் செடி தாங்குவதில்லை. அதனால்தான் உவர் மண்ணிலேயே வாழ்ந்து பழகிய பாக்டீரியாக்களைத் தேடுகிறார்கள். அவற்றுள் சில, உப்பின் நெருக்கடியில் செடிக்குள் மிகும் எத்திலீனைக் குறைத்து வேரை வளரவிடுகின்றன.

அப்படியொரு தேடல் சென்னையிலும் நடந்தது. அலையாத்திக் காடுகளையொட்டி உவர்நீரில் வளரும் காட்டு நெல்லிலிருந்து, உப்பைத் தாங்கித் தழைச்சத்தை நிலைநிறுத்தும் புதிய பாக்டீரியாப் பேரினம் ஒன்றை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் 2004இல் அறிவித்தார்கள். பயறில் கிடைத்ததல்ல, என்றாலும் தேடிய பண்பு அதுவேதான். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ். பெரிய அறிவியலாளரைப் போற்றியதில் பிழையில்லை. அந்தப் பெயர் வழியாகச் சுதா நாயரையும் நம் மாணவிகள் அறிய வேண்டும் என்பதே என் ஆசை.

பாக்டீரியா உப்பை அகற்றாது. உவர் நிலத்துக்கு நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட வேண்டும், தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழ வேண்டும். பொட்டலம் அதற்கெல்லாம் துணை மட்டுமே.

வகுப்பில் குறள் நடத்தும்போது, கல்லாதவரைப் பயன்தராத களர் நிலத்துக்கு வள்ளுவர் ஒப்பிட்ட இடம் வரும். அங்கே நான் சற்று நின்றுவிடுவேன். அம்மாயி கல்லாதவர். ஆனால் எந்த மூலையில் வெள்ளை பூக்கும், எந்த மழைக்குப் பின் அது அடங்கும் என்று அந்தக் காட்டில் அவருக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடத்தான் ஆளில்லை.

அடுத்த ஆடியில், மழை பெய்து மண் கழுவியபின், ஆறிய கஞ்சியில் விதையைப் பிசறி வேப்பமர நிழலில் சாக்கு விரித்து உலர்த்தினார். முப்பது நாள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. அது நம் இரத்தச் சிவப்புக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்தான் படித்தேன். "உசுரு புடிச்சிருச்சு" என்று அம்மாயி அன்றே சொல்லிவிட்டார். வெள்ளை பூத்த மூலையில் மட்டும் அந்தப் பட்டமும் பயறு வரவில்லை. அதற்கு யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.