ஆலைச் சங்கு ஓய்ந்த பின்: மும்பை கிரண்காவ் பகுதியில் இளைஞர் கும்பல்களின் சமூகப் பின்புலம்

மராத்தி மொழியில் 'தாதா' என்பது அண்ணனைக் குறிக்கும் சொல். வீட்டின் மூத்த மகனை மட்டுமன்றித் தெருவில் வயதால் மூத்தவரையும் மதிப்புடன் விளிப்பதற்கு அச்சொல் இன்றும் வழங்குகிறது. தமிழ் அகராதிகள் இதே வடிவமுடைய சொல்லுக்குத் தந்தை, பாட்டன், கொடையாளி ஆகிய பொருள்களைத் தருகின்றன. ஆயினும் இன்றைய தமிழ் நாளிதழ் வாசகரின் மனத்தில் 'தாதா' என்றதும் தோன்றுபவன் அடியாட்களின் தலைவனே ஆவான். இப்பொருள் மும்பையிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் எவ்வாறு அடியாட்களின் தலைவன் ஆனான் என்பது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் வினா அன்று. அதற்கான விடை ஒரு தொழிற்பகுதியின் வாழ்விலும் வீழ்ச்சியிலும் உள்ளது. மும்பை ஆலைப்பகுதியின் இளைஞர்கள் வன்முறைக் கும்பல்களுக்குள் சென்ற வழியையும், அதனைத் தடுக்க அரசு வகுத்த திட்டங்கள் எவ்விடத்தில் பிழைத்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலையூரும் அதன் அண்ணன்மாரும்

பரேல், லால்பாக், பைகுலா, சிஞ்ச்போக்லி, வொர்லி முதலிய பகுதிகளைச் சேர்த்துக் 'கிரண்காவ்' என்பர். ஆலையூர் என்பது இதன் நேர்ப்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்குப் பஞ்சாலைகள் பெருகின. இரத்தினகிரி, சதாரா மாவட்டங்களிலிருந்து வந்தவர்களே தொழிலாளரில் பெரும்பான்மையர். 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஒற்றை அறைக்குள் பலர் நெருங்கி வாழ்ந்தனர். வேலையும் தங்க இடமும் அவசரக் கடனும் வேண்டுமாயின் 'ஜாபர்' எனப்பட்ட மேஸ்திரியை நாட வேண்டும். மேஸ்திரிக்கு அவருடைய வட்டாரத்தில் துணைநின்றவர்களுள் ஒருவர் தாதா.

இராஜ்நாராயண் சந்தாவர்க்கர் 1994இல் வெளியிட்ட நூலில் இவ்வுறவை நுட்பமாக விளக்கியுள்ளார். தாதா என்பவர் சட்டத்திற்குப் புறம்பான தனி உலகத்தவர் அல்லர். உடற்பயிற்சிக்கூடத்தை நடத்தியவர், விழாவுக்கு வரி திரட்டியவர், வழக்குத் தீர்த்தவர், வேண்டும்போது கைகலப்புக்கு ஆள் சேர்த்தவர் என அனைத்தும் அவரே. 1928, 1929 ஆண்டுகளின் பெரும் வேலைநிறுத்தங்களில் முதலாளிகளும் அவரை நாடினர், தொழிற்சங்கங்களும் நாடின. வன்முறை அவரிடம் இருந்தது. ஆனால் அது அக்கம்பக்கத்தாரின் ஒப்புதலுக்குக் கட்டுப்பட்டிருந்தது.

சிறுவனின் நிலையிலிருந்து இதனை நோக்குதல் வேண்டும். நம் ஆய்வுகள் தலைவனையே நோக்கிப் பழகிவிட்டன. அவன் பின்னால் நின்ற பதினைந்து வயதுச் சிறுவனைப் பொருட்படுத்துவதில்லை. அச்சிறுவனுக்குச் சாலின் முற்றம், உடற்பயிற்சிக்கூடம், கபடிக் குழு, கணேச விழா மன்றம், கோகுலாட்டமியன்று மனிதக் கோபுரம் ஏறி உறியடிக்கும் 'கோவிந்தா' குழு ஆகியவை வளர்களங்கள். அடுத்த குழுவோடு சண்டையும் உண்டு. பின்னர் ஒருநாள் தந்தையோ சிற்றப்பனோ அவனை ஆலைக்கு அழைத்துச் செல்வார். வராத தொழிலாளிக்கு மாற்றாக வேலை பார்க்கும் 'பத்லி' ஆகச் சேர்வான். ஆண்டுகள் சென்றபின் நிலையான தொழிலாளி ஆவான். தெருச்சண்டை என்பது வாழ்வின் ஒரு பருவம். ஆலை வாயில் அப்பருவத்தின் எல்லை. அச்சிறுவர்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது காவல்நிலையத்தைவிட இந்த எல்லையே எனக் கருத இடமுண்டு.

1982 சனவரி

1982 சனவரி 11ஆம் நாள் வடாலா பகுதியில் மன்யா சுர்வே என்பவரைக் காவல்துறையினர் சுட்டுக்கொன்றனர். மும்பையின் முதல் 'என்கவுன்டர்' எனப் பரவலாகக் கூறப்படுவது இந்நிகழ்வே. சரியாக ஒரு வாரம் கழித்து, சனவரி 18ஆம் நாள், தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ 2.5 இலட்சம் தொழிலாளர் வெளியேறினர். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் அடுத்த இருபது ஆண்டுகளின் மும்பையைப் புரிந்துகொள்ள இவ்விரு நாள்களையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும்.

ஊதியமும் ஊக்கத்தொகையும் மட்டும் கோரிக்கைகள் அல்ல. 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டம் ஒரே ஒரு சங்கத்திற்கே பேச்சுவார்த்தை உரிமையை அளித்திருந்தது. தொழிலாளர் அதனை எதிர்த்தனர். வேலைநிறுத்தம் முறையாகத் திரும்பப் பெறப்படவே இல்லை. மாதங்கள் செல்லச் செல்ல அது கரைந்தது. பல்லாயிரவர்க்கு மீண்டும் வேலை கிடைக்கவில்லை. முதலில் வேலை இழந்தோர் பத்லிகள், அதாவது இளையவர்கள். அவர்களுக்கும் இளையோர் சாலின் முற்றத்தில் காத்திருந்தனர். அவர்களை ஆலைக்கு அழைத்துச் செல்ல இனி ஒருவரும் இல்லை.

கும்பல்கள் 1982இல் தோன்றியவை அல்ல. பைகுலாவில் ராமா நாயக், பாபு ரேஷிம், அருண் கவ்லி ஆகியோர் முன்பே இயங்கினர். கவ்லி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன். மாறியது என்னவெனில், உடற்பயிற்சிக்கூடமும் விழா மன்றமும் அப்படியே நிற்க, அவற்றிலிருந்து ஆலைக்குச் சென்ற வழி அடைபட்டமையே. வேலை தந்த அண்ணனின் இடத்தில் கூலி தந்த அண்ணன் அமர்ந்தான். மாமூல் திரட்டுதல், திரையரங்க வாயிலில் நுழைவுச்சீட்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்றல் ஆகியவற்றோடு, பின்னர் ஆலை நிலம் என்னும் பெரும்பொருளும் சேர்ந்தது. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் ஆலை நிலத்தை விற்க வழிவகுத்தன. 1994 மே மாதம் கட்டாவ் ஆலையின் உரிமையாளர் மகாலட்சுமி பகுதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். தந்தையர் நூல் நூற்ற நிலத்தின் பொருட்டு மகன்கள் துப்பாக்கி ஏந்திய காலம் அது.

ஒன்றை இங்குத் தெளிவுபடுத்த வேண்டும். வேலையின்மை தானாகவே கொலைகாரரை உருவாக்குவதில்லை. ஆலைக் குடும்பத்து இளைஞரில் மிகப் பெரும்பாலோர் எந்தக் கும்பலிலும் சேரவில்லை. மீனா மேனனும் நீரா அடார்கரும் தொகுத்து 2004இல் வெளியிட்ட ஆலைத்தொழிலாளர் வாய்மொழி வரலாறு போன்ற பதிவுகளைப் படிக்கையில், கொங்கணத்துச் சிறுநிலமும் வீட்டுப் பெண்களின் உழைப்பும் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியமை புலனாகும். கும்பல் வலுப்பெற்றது வறுமை மிகுந்த இடத்தில் அன்று. தாங்குவதற்கு வேறு கை இல்லாத இடத்தில்.

தாராவியின் வேறு வழி

ஆலைப்பகுதிக்கு வடக்கேயுள்ள தாராவி, கோலிவாடா, ஆண்டாப்ஹில் பகுதிகளில் குடியேறிய தமிழரின் வரலாறு இதே கருத்தை வேறு திசையிலிருந்து உறுதிப்படுத்துகிறது. இவர்களுள் பெரும்பாலோர்க்கு ஆலை வாயில் தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கவில்லை. தோல் பதனிடுதல், துறைமுகக் கூலி, துப்புரவு ஆகியவையே கிடைத்தன. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் கள்ளச்சாராயத்தை ஒரு தொழிலாக்கியது. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகப் பரப்புரை செய்தபோது, காப்பவர் எவர் என்னும் வினாவும் எழுந்தது. தொடர்வண்டி நிலையச் சுமைகூலியாகத் தொடங்கிச் சாராய வணிகத்தில் வளர்ந்த வரதராஜன் முதலியார் அவ்விடத்தை நிரப்பினார். மாட்டுங்காவில் அவர் நடத்திய கணேச விழாவின் பொலிவு அன்று பெரிதும் பேசப்பட்டது. 1980களில் காவல்துறை நெருக்கியதும் சென்னை திரும்பிய அவர் 1988இல் மறைந்தார்.

அவர் வாழ்வின் சாயலில் எடுக்கப்பட்ட 'நாயகன்' 1987இல் வெளிவந்தது. அப்படத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகுதி. அவற்றுள் பெரும்பாலானவை நல்லவனா கெட்டவனா என்னும் ஒரே வினாவைச் சுற்றிவந்தன. சாராயக் குடத்தைச் சுமந்த சிறுவர்கள் அவற்றில் இடம்பெறவில்லை. மராத்தியில் ஜெயந்த் பவார் 1997இல் எழுதிய 'அதாந்தர்' நாடகமோ ஆலைக் குடும்பம் ஒன்றின் ஒற்றை அறைக்குள்ளிருந்தே இதே காலத்தைக் காண்கிறது. அவ்வீட்டு மகன்களுள் ஒருவன் கும்பலில் சேர்கிறான். தமிழில் நாஞ்சில் நாடனின் 'எட்டுத்திக்கும் மதயானை', ஊரைவிட்டு ஓடும் இளைஞன் படிப்படியாகக் கடத்தல் தொழிலுக்குள் இழுக்கப்படுவதைக் காட்டும் வகையில் இந்நாடகத்திற்கு நெருங்கி நிற்கிறது. நம் திறனாய்வு அந்நாவலின் மொழியை வியந்த அளவிற்கு இப்பொருளை எடுத்துக்கொள்ளவில்லை.

தடுப்பு என்னும் பெயரில்

அரசின் விடை இருவகைப்பட்டது. ஒன்று துப்பாக்கி. 1990களில் என்கவுன்டர்கள் பெருகின. 1999இல் திட்டமிட்ட குற்றங்களுக்கான மகாராட்டிரக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கும்பல்கள் இதனால் தளர்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கவ்லி 1997இல் கட்சி தொடங்கி, 2004இல் சிஞ்ச்போக்லி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். மாநகராட்சி உறுப்பினர் ஒருவரின் கொலை வழக்கில் 2012இல்தான் தண்டனை பெற்றார்.

மற்றொன்று சிறார் சட்டம். 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி பதினாறு வயது நிறைந்த ஆண்மகன் சிறுவன் அல்லன்; பத்லியாகச் சேர்ந்திருக்க வேண்டிய பருவத்தினன் சட்டத்தின் முன் முழுக் குற்றவாளி ஆனான். 2000ஆம் ஆண்டின் சட்டம் அவ்வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. 2015ஆம் ஆண்டின் சட்டமோ கொடுங்குற்றங்களில் பதினாறு வயதினரையும் வயதுவந்தோர்போல் விசாரிக்க மீண்டும் இடமளித்தது. இவை அனைத்தும் குற்றம் நிகழ்ந்த பின்னர்ச் சிறுவனைத் தனியனாகக் காண்பவை. அவன் வளர்ந்த தெருவைக் காண்பவை அல்ல.

தெருவைத் தொட்டிருக்கக்கூடிய திட்டம் ஒன்று இருந்தது. 1986 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பஞ்சாலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம், ஆலை நிரந்தரமாக மூடப்பட்டால் முதலாண்டில் ஊதியத்தில் 75 விழுக்காடும், இரண்டாமாண்டில் 50 விழுக்காடும், மூன்றாமாண்டில் 25 விழுக்காடும் வழங்கியது. ஆனால் ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். ஆலையும் முற்றாக மூடப்பட்டிருக்க வேண்டும். வேலைநிறுத்தத்தில் நீக்கப்பட்டவரின் ஆலை மீண்டும் ஓடத் தொடங்கியிருந்ததால் அவருக்கு அதில் இடமில்லை. விட்டுவிட்டு வேலை பார்த்த பத்லிக்கும் இடமில்லை. வேலைக்கே சேராத மகனைப் பற்றி அத்திட்டம் பேசவே இல்லை. இழப்பீட்டின் அலகு தொழிலாளியாக இருந்தது. இழப்பின் அலகோ குடும்பமாக இருந்தது.

1991 விதிகளின்படி ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கும் மற்றொரு பங்கு வீட்டுவசதி வாரியத்திற்கும் உரியது. 2001இல் அப்பங்கீடு கட்டடமற்ற வெற்றிடத்திற்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. 2006 மார்ச்சு மாதம் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. எஞ்சிய பங்கில் கட்டிய ஏறத்தாழ 7,000 வீடுகளை வாரியம் 2012 சூன் மாதம் குலுக்கல் முறையில் ஆலைத்தொழிலாளர்க்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் ஒதுக்கியது. வேலைநிறுத்தம் தொடங்கியபோது பதினைந்து வயதினனாகச் சாலின் முற்றத்தில் நின்றவனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.