அஞ்சு கட்டத்துக்குள்ள கொஞ்சம் மணல்

ஆலந்தூர்ல மெட்ரோ ஏறி சென்ட்ரல் போறதுக்குள்ள போன்ல ஒரு ஆங்கிலக் குறுக்கெழுத்தை முடிச்சிடணும், இது எனக்கு நானே வெச்சுக்கிட்ட பந்தயம். போன வாரம் ஒரு குறிப்பு: 'கச்சேரி நடக்கும் இடம், ஐந்து எழுத்து'. நான் யோசிக்கவே இல்லை. அரீனா!

அமெரிக்கக் குறுக்கெழுத்து போடுற எல்லாருக்கும் இது பழகின வார்த்தை. அங்கே கட்டத்தில் வரும் ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலம் ஒரு சொல்லுக்கும், மேலிருந்து கீழ் இன்னொரு சொல்லுக்கும் பொருந்தணும். ஏ, ஆர், ஈ, என், ஏ. உயிர், மெய், உயிர், மெய், உயிர். புதிர் போடுறவருக்கு அல்வா மாதிரி. அதனால குறிப்பு மட்டும் மாறிக்கிட்டே இருக்கும்: ஹாக்கி அணியின் வீடு, கிளாடியேட்டரின் களம், இப்படி.

சரி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? லத்தீன்ல வெறும் மணல். ஸ்பானிஷ்ல இன்னைக்கும் அதே அர்த்தம்தான். ரோமில் சண்டை நடக்கும் தரையில் மணலைக் கொட்டிப் பரப்புவாங்க. கால் வழுக்கக் கூடாது, சிந்துற ரத்தத்தையும் அது உறிஞ்சிக்கணும். அப்படித்தான் மணலோட பெயரே இடத்துக்கும் வந்தது.

கொலோசியத்தை கி.பி. 80-ல் பேரரசர் டைட்டஸ் திறந்து வைத்தார். நூறு நாள் விழா. ஒன்பதாயிரம் விலங்குகள் கொல்லப்பட்டதாக காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். மனுஷன் நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு எழுதினவர், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். பொதுவா இந்த மாதிரி விளையாட்டுகள்ல காலையில் விலங்கு வேட்டை, மதியம் மரண தண்டனைக் கைதிகள், அதுக்கப்புறம்தான் கிளாடியேட்டர்கள். அந்தக் கைதிகள் பலரோட பெயர்கூட நமக்கு மிஞ்சலை.

இப்போ நியூயார்க் போவோம். முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வந்தது. போட்டவர் ஆர்தர் வின். 'நியூயார்க் டைம்ஸ்' முதலில் இதை நேர விரயம்னு கிண்டல் பண்ணிட்டு, 1942-ல் தானே ஆரம்பித்தது. அதன் முதல் புதிர் ஆசிரியர் மார்கரெட் ஃபேரார். சாவு, நோய் மாதிரி விஷயங்களைப் புதிருக்குள்ளேயே விடமாட்டார். வாசகர் காலைச் சாப்பாட்டோட உட்கார்ந்து போடுறது, முகம் சுளிக்கக் கூடாதுங்கிறது கணக்கு.

எனக்கு சிரிப்பு வந்தது இங்கதான். சாவைப் பற்றி ஒரு குறிப்புகூடப் போகாத கட்டத்துக்குள்ள, ரத்தத்துக்குப் பரப்பின மணல் மட்டும் ஜாலியா உள்ளே போயிடுது. ஃபேராரைக் குறை சொல்லலை. நானும் அதை ரெண்டு செகண்ட்ல நிரப்பினவன்தானே.

தமிழ்க் குறுக்கெழுத்துல 'அரங்கம்' போட்டுப் பாருங்க. அ, ர, ங், க, ம். அதுக்கும் அஞ்சு கட்டம்தான். ரெண்டுக்கும் ஒலி கொஞ்சம் ஒட்டுதேன்னு சொந்தமாக்கிடாதீங்க, வாட்ஸ்அப்ல யாராவது அனுப்பினா நம்பவும் வேண்டாம். அது வேற வேர், இது வேற வேர்.